கதவு சாத்தாத ஊரில் அலாரம்

திருட்டு அலாரம் மாட்டும் தொழிலில் திருடனைச் சமாளித்துவிடலாம், வீட்டுக்காரரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. ஏணியும் டிரில்லுமாக அலையும் சகாக்களே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஏரி கடலில் கலக்கும் மீனவ ஊரான கோட்டைக்குப்பத்துக்கு நான் போனது மகேஸ்வரி அக்கா வீட்டு வேலைக்காக. அவர்களுடைய பழைய படகு எஞ்சினை யாரோ வீடு புகுந்து தூக்கிப் போய்விட, அவர் கணவர் ஒரு வருஷம் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். இப்போது புது எஞ்சின் வந்திருந்தது. இதுவும் போனால் படகையே விற்க வேண்டியதுதான்.

காந்தம்

கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சுவிட்ச். இரண்டும் பிரிந்தால் வெளிச்சுவரில் சைரன் அலறும். மாட்டி முடித்து, பெருமையாக விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி, கதவ எங்க சாத்தறது? உள்ள கீற கருவாடு பூஞ்ச புடிச்சிப் பூடுமே!"

பூனை

சரி, கதவு வேண்டாம் என்று நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சாரை மூலையில் வைத்தேன். உடம்புச் சூடு நகர்ந்தால் அதற்குத் தெரிந்துவிடும். பூனைக்கும் உடம்பு சூடுதான் என்பதை நான் யோசிக்கவில்லை. மறுநாள் காலை கருவாட்டுக்கு வந்தது பூனை. சைரன் கேட்டு, கரையில் மீன் ஏலத்தில் நின்ற பெண்கள் கூடைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தால் காக்கைகள் மீனில் பாதியைக் காலி செய்திருந்தன.

அடுத்த நாளும் அதே பூனை, அதே ஓட்டம். என்னை வரவழைத்தார்கள். பக்கத்து வீட்டு குணம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்: "இன்னொரு வாட்டி சும்மா கத்திச்சி, பொட்டிய பிச்சி ஏரில கடாசிடுவோம். பின்னாலயே உன்னியும்."

எஞ்சின்

கழற்றிவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "அப்ப எஞ்சினுக்கு யாரு காவலு?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கதவில் வேலையில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்த காந்தம் அப்போதுதான் கண்ணில் பட்டது. மூலைச் சென்சாரை எடுத்துவிட்டு, காந்தத்தைக் கழற்றி எஞ்சினிலேயே ஒட்டினேன். எஞ்சினை ஒட்டிய சுவரில் சுவிட்சை வைத்தேன். கதவு திறந்தே கிடக்கட்டும், பூனை தின்றுவிட்டுப் போகட்டும், எஞ்சின் நகர்ந்தால் மட்டும் கத்தும். கடலுக்குப் போகும்போது அலாரத்தை அணைக்கும் ரிமோட் அக்காவின் சுருக்குப்பையில். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "இத மொதல்லியே செய்யறதுக்கு இன்னா?"

மூன்றாவது அலறல்

நாலாம் நாள் காலை, அக்காவின் கணவர் வலை வாங்க வெளியூர் போயிருந்தார், அக்கா ஏலத்தில். நான் வேறொரு வேலையாக அடுத்த தெருவில் ஏணி மேல் இருந்தேன். சைரன் கத்தியது. தொலைந்தோம் என்று ஓடினேன். எனக்கு முன்னால் குணம்மா தலைமையில் ஒரு கூட்டமே போய்க்கொண்டிருந்தது. அவர் கையில் கடப்பாரை.

எல்லோரும் வாசலை அடைந்த நேரம், உள்ளேயிருந்து எஞ்சினைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வெளியே வந்தார்கள். கடப்பாரையைப் பார்த்ததும் எஞ்சினைப் பூப்போல இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பின்னாலேயே ஓடிவந்த அக்கா எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. ஜெயித்துவிட்டோமே! குணம்மாவுக்கு நன்றி சொன்னேன். அவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்: "உன் பொட்டிய பிடுங்கத்தான் நைனா வந்தோம், நடுவுல இவனுங்க வந்து மாட்டிக்கினானுங்க."

ஆகவே சகாக்களே, சைரன் கத்தினால் ஊர் ஓடிவர வேண்டும், அவ்வளவுதான். எதற்காக ஓடிவந்தது என்று நாம் விசாரிக்க வேண்டியதில்லை.