எட்டுக் கால் ரிலே

போன வருஷக் காய்ச்சல் போகும்போது என் மனைவியின் காதையும் எடுத்துக்கொண்டு போனது. கொல்லைப்பக்க ஜன்னலடியில் இருந்த அவளுடைய தையல் மெஷின், எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டின் இருட்டுக் கூடத்துக்கு வந்தது. பெல் அடித்தால் தெரியாதே. அதனால் கதவைத் திறந்துவைத்து, ஒரு கண் ஊசியில், ஒரு கண் தெருவில்.

"பழைய இடத்துக்கே போயிடணும். நூல் கோக்கவே வெளிச்சம் பத்தல," என்றாள்.

பெல்லை அழுத்தினால் ஜன்னலோரம் ஒரு விளக்கு எரிய வேண்டும். அழுத்தியவர் கையை எடுத்த பிறகும், அவள் அணைக்கும்வரை எரிய வேண்டும். அதற்கு ஒரு ரிலே போதும். மின்சாரம் தொட்டதும் உள்ளே ஒரு தகடு இழுபட்டு இணைப்பைப் பிடித்துக்கொள்ளும் சின்னப் பெட்டி. விளக்குக்கு மூன்று முனை, தன்னையே பிடித்துக்கொள்ள மூன்று, தகட்டை இழுக்கும் சுருளுக்கு இரண்டு. ஆக, எட்டுக் கால் உள்ளது.

"போன்ல ஆர்டர் போட்டா வீட்டுக்கே வரும்ல?"

"கொண்டு வர்றவர் பெல்தானே அடிப்பார்?"

என் உதட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்கோ கடைகளுக்குள் நுழைய ஒரு சாக்கு வேண்டும்.

காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தேன். ஸ்பேர்ஸ் கடைச் சுவரெல்லாம் குட்டி குட்டி டிராயர்கள். ஒவ்வொன்றிலும் என்ன உறங்குகிறதென்று இழுத்துப் பார்க்கக் கை ஊறும். கடைக்காரர் நிமிரவேயில்லை.

"அஞ்சு கால்தாங்க இருக்கு. எட்டுக் கால் வேணும்னா மொத்தமா ஒரு பெட்டியே எடுக்கணும்."

"ஒரே ஒரு பெல்லுங்க."

"அப்ப பாலக்கரைப் பக்கம் காயலான் கடையில தேடுங்க. அங்க பழைய சர்க்யூட் போர்டை எடைக்குப் போடுறாங்க."

காயலான் கடையில் பச்சைப் போர்டுகள் குவியலாகக் கிடந்தன. மழை பெய்த வயலை மேலிருந்து பார்ப்பதுபோல. எது எங்கே என்ன பேசிக்கொண்டிருந்ததோ. கிளறக் கிளற விரலெல்லாம் கரி. கடைக்கார அம்மா தராசை விட்டு எழுந்து வந்தார்.

"எல்லாம் செத்த சாமான் சார். ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா உள்ள?"

ஏதோ ஆபீஸின் பழைய இன்டர்காம் போர்டு ஒன்றில் இருந்தது. எட்டுக் கால். பையிலிருந்த பேட்டரியைத் தொட வைத்தேன். பஸ் ஹாரனில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்தி, மறு காதோடு போர்டை ஒட்டினேன். டக்.

"உசிரு இருக்கா?" என்றார் அந்த அம்மா.

"இருக்குங்க."

அன்று மாலையே ஒயரெல்லாம் இணைத்தேன். சோதிக்கும்போது அவள் பக்கத்திலேயே நின்றாள். "எப்படித் தெரியும், வேலை செய்யுதுன்னு?" டக்கென்று சத்தம் வருமென்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். அவளே ரிலேயின் முதுகில் விரலை வைத்தாள். நான் மின்சாரம் கொடுத்தேன்.

"அட, துடிக்குதே." இன்னொரு தரம் கொடுக்கச் சொன்னாள். இன்னொரு தரம்.

மறுநாள் காலை இருவருமாக மெஷினை ஜன்னலடிக்குத் தள்ளினோம். என்னை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தித் தாழிட்டாள். பெல்லை அழுத்தினேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. எந்த ஒயரை விட்டேன் என்று மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு நின்றேன்.

மெஷின் நின்றது.

"இருங்க, வரேன்," என்ற குரல் கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தது.