வெயிலில் வைத்த பியானோ

என் தங்கை பியூலாவின் பெயரைச் சொன்னால் கொக்கிரகுளத்தில் இன்றைக்கு, "கல்யாண வீட்டுல கீபோர்டு வாசிக்குமே, அந்த அக்காவா?" என்றுதான் கேட்பார்கள். கேட்கிறவர்கள்மேல் எனக்குச் சுறுக்கென்று கோபம் வரும். கோபப்படுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதும் உடனே ஞாபகம் வரும்.

எங்கள் அப்பா வேதக்கோவில் பாடகர் குழுவை நடத்தியவர். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார மிஷனரி அம்மாள் ஒருவரின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, கட்டில் வாங்கப் போனவர் பியானோ வாங்கி வந்தார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பியூலா ஐந்து வயதில் அதன்முன் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து வருஷா வருஷம் வரும் பரீட்சைக்காரர்களிடம் எல்லாப் படிகளையும் தாண்டி, இருபத்து நாலு வயதில் டிப்ளமா வாங்கினாள். பெண் பார்க்க வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு வாசிக்கப் போய்விடுவாள்.

தொண்ணூற்றிரண்டில், மெட்ராஸில் மேல்நாட்டு இசைக்கென்றே இருந்த ஒரு சங்கம் அவளுக்கு ஒரு முழுக் கச்சேரி கொடுத்தது. ஜனவரியில் மேடை. நன்றாக அமைந்தால் பம்பாய், கல்கத்தா என்று கூட்டிப் போவதாகவும் எழுதியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அவள் வேண்டிக் கேட்டது அந்த ஒரு மேடையைத்தான்.

நவம்பரில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் பியானோ ஒரு முழு நாள் நின்றது. வடிந்ததும் பியூலா அதைத் துடைத்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, மெட்ராஸிலிருந்த, பியானோ பழுதுபார்த்துச் சுதி சேர்க்கும் ட்யூனர் கிருபைராஜுக்குத் தந்தி கொடுத்தாள். அம்மாவுக்கோ காய்ச்சல். அம்மாவை மேட்டில் இருந்த சித்தி வீட்டுக்குக் கூட்டிப் போகும்போது என்னிடம் சொன்னாள்:

"அண்ணே, ட்யூனர் வர்ற வரைக்கும் பியானோவத் தொட்டுராத. நிழல்லயே பைய காயட்டும்."

தலையாட்டினேன். மூன்றாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவே வாசலில் கிடந்து காய்ந்தது: மெத்தை, அரிசி, வேதப்புத்தகம், கல்யாண ஆல்பம். நனைந்தது எதுவானாலும் இரண்டு வெயில் கண்டால் சரியாகிவிடும் என்பது எங்களுக்கு இன்னொரு வேதம். நெல்லுக்கும் மிளகாய்க்கும் சரியாய் இருப்பது பியானோவுக்கு மட்டும் ஆகாதா? சங்கீதக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் ஒரு பிகு என்று நினைத்துக்கொண்டேன். சுமைதூக்கும் பாபநாசத்தையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டேன். பாபநாசம் தயங்கினான்.

"அண்ணாச்சி, தங்கச்சி ஏசும்லா?"

"வந்து பாத்தா சந்தோசப்படுவா. தூக்கும்வே."

மூடியைத் திறந்து, பின்பலகையில் நேராக வெயில் விழும்படி திருப்பிவைத்தேன். இரண்டு நாள் அப்படியே இருந்தது.

கிருபைராஜ் வந்து பலகையைக் கழற்றிப் பார்த்தார். பியூலா பக்கத்தில் நின்றாள். நல்ல வெயிலாகக் காட்டியிருக்கிறேன் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார். தண்ணீர் கெடுத்தது கொஞ்சம்தான், அதைச் சரி பண்ணியிருக்கலாம். வெயிலில்தான் பலகை பிளந்து, விரலால் அழுத்தும் கட்டைகள் முறுக்கிக்கொண்டன என்றார். மூன்று நாள் தங்கி, முடிந்ததைச் செய்தார். நடுவில் ஏழு கட்டைகள் மட்டும் வழிக்கு வரவில்லை. ஓங்கி அடித்தால் பேசும், மெல்லத் தொட்டால் ஊமை. புதுப் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர ஆறு மாதம் ஆகும். கச்சேரிக்கு இருந்தது ஏழு வாரம்.

பியூலா திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பக்கத்தில் வேறு இரண்டு பியானோக்கள் இருந்தன. ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது, இன்னொன்று போட்டோக்கள் வைக்கும் மேஜையாக இருந்தது. ஆகவே அவள் எங்கள் பியானோவிலேயே சாதகம் செய்தாள். அந்த ஏழையும் ஓங்கி ஓங்கி அடித்து, ஏழு வாரம்.

மெட்ராஸ் மேடையில் பளபளவென்று பெரிய பியானோ, ஒரு குறையும் இல்லாதது. ஐந்தாவது நிமிஷத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குச் சங்கீதம் தெரியாது. அந்த ஏழு கட்டைகளைத் தெரியும். மெல்லப் போகிற இடத்திலெல்லாம் அவை மட்டும் அதட்டின. அவளுக்கும் கேட்டது. விரலை அடக்கப் பார்த்தாள். அடக்கினால் அடுத்தது தவறியது. இடைவேளைக்குப் பிறகு பாதி நாற்காலிகள் காலி. கனத்த கை, நயம் போதாது என்று ஒரு பத்திரிகை இரண்டு வரி எழுதியது. பம்பாயும் கல்கத்தாவும் அதோடு போயின. மெட்ராஸும் மறுபடி கூப்பிடவில்லை.

திரும்பும் ரயிலில் நான் அழுதேன். சங்கத்துக்காரர்களிடம் போய் எல்லாம் என் தப்பு என்று சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்லுவ? பியானோவ வெயில்ல காயப்போட்டேன்னா? சிரிப்பாங்கண்ணே."

ஊருக்கு வந்து பியானோவை மூடினாள். விற்கவும் விடவில்லை, திறக்கவும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, கல்யாண வீடுகளுக்கு வாசிக்க ஒரு மலிவான கீபோர்டு வாங்கினாள். அதில் ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே சத்தம்தான். அதற்காகத்தான் அதை வாங்கினாள் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் அவள் பின்னால் போய் நின்றேன். பாட்டில் ஒரு குறையும் இல்லை, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவள் விரல்களையே பார்த்தேன். அந்த ஏழு இடங்களில் அவை இன்னும் ஓங்கித்தான் விழுகின்றன.