பிரித்துப் பிரித்துத் தைத்த பூ

ஐந்து இதழ் உள்ள ஒரு பூவைத் தைக்க முடியாமல் நான் அழுத அழுகையை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். நாலெழுத்துப் படித்து வருவான் என்று அனுப்பினால், பயல் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறானே என்று அப்பாவுக்கு ஒரே எரிச்சல்.

அது யுத்த காலம். குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். கண்மாய்க்கரை வழியாக நடந்தால் அடுத்த ஊரில் மிஷன் பள்ளிக்கூடம். அங்கே கைவேலை வகுப்பு நடத்திய சிஸ்டர், மிஷன் ஆசுபத்திரியில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு போர்வை கொடுக்க நினைத்தார். எங்கள் வகுப்பில் ஆணும் பெண்ணுமாக எல்லாரும் ஆளுக்கொரு கட்டம் தைக்க வேண்டும். வெள்ளைத் துணிச் சதுரத்தின்மேல் வேறு நிறத் துணியை இதழ் இதழாக வெட்டிப் பூவாக வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து, தையல் வெளியே தெரியாமல் தைக்க வேண்டும். கட்டங்களை எல்லாம் இணைத்தால் போர்வை. சுத்தமாக இல்லாத கட்டம் போர்வையில் சேராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். என் கட்டம் சேராமல் போய்விடக் கூடாது. எனக்கு அந்த மாதத்தில் வேறு கவலையே கிடையாது.

வெள்ளைச் சதுரத்தையும் இதழ் வெட்டக் காகித மாதிரியையும் பள்ளியில் கொடுத்தார்கள். நிறத் துணியை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கட்டிக்கொள்ளவே துணி கிடைக்காத காலத்தில் பூவுக்கு எங்கே போவது? அப்பாவின் பழைய காவித் துண்டில் ஒரு மூலையை ஆத்தா கிழித்துக் கொடுத்தாள். முரட்டுத் துணி. ஓரத்தை மடித்து நகத்தால் தேய்த்தாலும், விரலை எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும். ஊசி போவதற்கு முன்பே நூல்நூலாகப் பிரியும். வளைவாக வரவேண்டிய இதழ் மூலைமூலையாக வந்தது. நுனியிலோ மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிளகுபோல் புடைத்து நின்றன. நூலை இறுக்கினால் வெள்ளைத் துணி சுருங்கியது. தளர்த்தினால் பூ தொங்கியது. சிஸ்டர் திட்டவே மாட்டார். சிரித்துக்கொண்டே, "பிரிச்சுட்டு மறுபடி தைப்பா" என்பார். அந்தச் சிரிப்புக்குப் பிரம்படியே தேவலாம் என்றிருக்கும்.

"என்னடா இது, மாடு மிதிச்ச பூசணிப்பூ மாதிரி?" என்றான் பக்கத்தில் இருந்தவன். வகுப்பே சிரித்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டத்தைக் கொல்லையில் வைக்கோற்போரின் மேல் விட்டெறிந்தேன். அத்தைதான் அதை எடுத்து வந்தாள்.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. கல்யாணமான மறு வருஷமே மாமா காய்ச்சலில் போய்விட, வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. எனக்கு அது தெரியாது. வெள்ளைச் சேலை கட்டியவர்கள் எல்லாருமே வயதானவர்கள் என்று எண்ணியிருந்தேன்.

"என்ன மருமவனே, துணி மேல இம்புட்டுக் கோவம்?"

"போங்க அத்தை. ஒங்களுக்குத் தெரியாது. இது ரொம்பக் கஷ்டம்."

"தெரியாமத்தானே கேக்குறேன். சொல்லிக் குடு. நீதான் படிச்சவனாச்சே!"

சிஸ்டரின் குரலிலேயே சொல்லிக்கொடுத்தேன். வளைவு வரும் இடத்தில் ஓரத்தைச் சின்னச் சின்னதாக நறுக்கிவிட்டு மடிக்க வேண்டும். நுனியை முதலில் மடக்கி, பிறகுதான் இரண்டு பக்கமும். ஊசி மடிப்பின் விளிம்பை மட்டும் கவ்வ வேண்டும். அத்தை தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு காவித் துணியை விரலால் தடவிப் பார்த்து, "இது ஆவாது. வேற துணி நான் தாரேன்" என்றாள்.

மறுநாள் என் காகித மாதிரியை வைத்து ஐந்து இதழ்களையும் வெட்டி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். அரக்குச் சிவப்பு, மெல்லிசுத் துணி. எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. போன வருஷம், அத்தை காலமான பிறகு, அவளுடைய டிரங்குப் பெட்டியை ஆத்தா திறந்தபோதுதான் கண்டேன். மடித்து வைத்திருந்த கூறைச்சேலையின் முந்தியில் இதழ் இதழாக ஐந்து ஓட்டைகள்.

வைக்கோற்போரின் மறைவில் உட்கார்ந்து தைத்தோம். தைப்பது அவள், நூல் கோப்பதும் குறை சொல்வதும் நான். முதல் இதழ் ஒரே நாளில் உட்கார்ந்துவிட்டது. பள்ளியில் யார் பூவும் அப்படி இல்லை. மறுநாள் வந்து பார்த்தால் வெள்ளைத் துணி வெறுமையாக இருந்தது. இதழைப் பிரித்து மடியில் வைத்திருந்தாள்.

"நுனி சரியா வரல மருமவனே."

மறுபடி தைத்தாள். இரண்டாவது இதழும் வந்தது. அதற்கும் மறுநாள் இரண்டையும் பிரித்திருந்தாள். இப்போது வளைவு சரியில்லையாம். நானும் துணியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் பிரித்த துணியை அவள் முழங்கால்மேல் பரப்பி, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருப்பாள். தைப்பதைவிட நீவுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

ஒருநாள் வைக்கோல் உருவ வந்த ஆத்தா அப்படியே நின்றுவிட்டாள். அத்தை முந்தானையை இழுத்து மடியை மூடினாள்.

"புள்ளயோட பள்ளிக்கூட வேலை, மதினி."

"தெரியுது. வெரசா முடிச்சுக் குடுத்துரு. ஒங்க அண்ணன் பாத்தா சும்மா இருக்க மாட்டாக."

ஆத்தா குரலை உயர்த்தவில்லை. வைக்கோலை அள்ளிக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே போனாள். திருட்டு வேலை ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு மூடினாள் என்று எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு தடவை பிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்குக் குடுக்கணும் அத்தை! இல்லாட்டி என் கட்டம் சேராது."

"குடுத்துத்தான் ஆவணுமா?"

"பின்னே? போர்வை யாருக்கு?"

மடியில் கிடந்த இதழ்களை இன்னொரு தடவை நீவினாள். பிறகு ஊசியை எடுத்து, பொழுது சாய்வதற்குள் ஐந்து இதழையும் ஒரே மூச்சில் தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்து என் கையில் கொடுத்தாள். இவ்வளவு வேகமாக வருமென்றால் இத்தனை நாளாக ஏன் இழுத்தடித்தாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மறுநாள் சிஸ்டர் பூவின் விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டே போனார். "யார் தைச்சது?" என்றார். சொல்லிக்கொடுத்தது நான், தைத்தது அத்தை என்றேன். சிரித்துவிட்டு, போர்வையின் நடுக் கட்டமாக வைத்தார். கண்மாய்க்கரை நெடுக ஓடிவந்தேன். அத்தை தொட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தை! நம்ம கட்டம்தான் நடுவுல! சுத்தியும் வச்சுத் தைச்சுட்டாங்க. இனிமே யாராலயும் பிரிக்க முடியாதாம்!"

குடத்தைக் கீழே வைத்தாள். "அப்படியா மருமவனே" என்றாள். பிறகு ஈரக் கையை வெள்ளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முழங்கால் பக்கம் ஒட்டியிருந்த ஒரு சிவப்பு இழையை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பாவம், அத்தைக்கு ஒரு பூத் தைக்க எத்தனை தடவை பிரிக்க வேண்டியிருக்கிறது! பெரிய வகுப்புக்குப் போனதும் இன்னும் நன்றாகக் கற்றுக்கொண்டு வந்து, பிரிக்காமல் தைப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.