டாக்டர் அப்பாவின் மூன்று பிள்ளைகள்

பிழை மறைக்கும் வெள்ளை மையின் நெடி எங்கே அடித்தாலும் போதும், பெரம்பலூரில் போய் நின்றுவிடுவேன். கல்லூரி நூலகத்தின் பின்னறை. வாசலில் 'ரைட்டிங் சென்டர்' என்று பலகை. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓயாமல் முனகும் ஃபேன். ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறும் பிள்ளைகளுக்கு நான் அங்கே துணை. எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு: பேனா அவர்கள் கையில்தான் இருக்கவேண்டும். என் பேனாவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்த பிறகுதான் பேச்சே.

எறையூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். பிசிக்ஸ், கடைசி வருடம். ஹைதராபாத்தில் மேல்படிப்புக்கு மனுப் போடுகிறாள். ஏன் படிக்க ஆசை என்று ஒரு பக்கம் எழுதவேண்டும். அன்று சாயந்தரம் தபாலில் சேர்க்காவிட்டால் அந்தப் படிப்பு இல்லை. வேறெங்கும் அவள் போட்டிருக்கவில்லை.

தாளைப் படித்தேன். வழவழப்பான ஆங்கிலம். அப்பா சென்னையில் டாக்டர் என்றிருந்தது. அந்த வாரம் என்னிடம் வந்த மூன்று பேருக்கும் அதே டாக்டர்தான் அப்பா.

“ஒங்கப்பா என்னம்மா பண்றாரு?”

“கரும்பு போட்டிருக்காரு சார்.”

“இதுல ஊசி போடுறாரே.”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஜெராக்ஸ் கடையில குடுத்தாங்க சார். எல்லாரும் இதப் பாத்துதான் எழுதுறாங்க.”

“சரி, பிசிக்ஸ் மேல ஏன் ஆசை வந்துச்சு?”

“கரும்பு லோடு டிராக்டர் எங்க தெரு மொனையில திரும்புறப்ப எந்தப் பக்கம் சாயும்னு பந்தயம் கட்டுவோம் சார். நாந்தான் ஜெயிப்பேன்.”

எப்படி என்றேன். எழுந்தாள், நாற்காலியை இரண்டு காலில் சாய்த்தாள், பாரம் எங்கே இறங்குகிறது என்று விரலால் காற்றில் கோடு போட்டாள். கண்ணெல்லாம் டிராக்டர்.

“இத எழுது.”

எழுதினாள். அடித்தாள், வெள்ளை மை பூசினாள், ஊதினாள், மறுபடி எழுதினாள். வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். இடறிய இடத்தில் அவளே நின்று திருத்தினாள். என் விரல்கள் ஜிப்பின் மேல் தவித்துக் கிடந்தன. நாலு மணிக்கு ஒரு பக்கம் முடிந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். ஜெராக்ஸ் தாளும் அவள் எழுதிய தாளும் அவள் கையில்.

“சார், ஜெராக்ஸ்ல ஒரு தப்புகூட இல்ல.”

“இல்லதான்.”

“என்னுதுல இருக்கா?”

“ரெண்டு மூணு இருக்கும்மா.”

இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு தான் எழுதியதை உறைக்குள் தள்ளி ஒட்டினாள்.

“இருக்கட்டும் சார். நேர்ல கூப்புட்டா நாந்தான போயிப் பேசணும். போஸ்ட் ஆபீஸ் மூடிருவாங்க, வரேன் சார்.”