வாளில் பாத்திரக்கடை எழுத்து

பாப்பாவின் காதுகுத்துக்காக அரியலூரில் ரயில் இறங்கியிருக்கிறோம். தோடு வாங்கும் பணம் கணவரின் சட்டைப்பையில் இருக்கிறது. பெரம்பலூர் பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஒரு பழைய பொருள் கடை. கண்ணாடிக்குள் ஜப்பானிய வாள். ஒரு மாதமாக வாள் வீடியோ பார்த்துத் தேர்ந்த கணவர் உள்ளே நுழைந்துவிடுகிறார்.

"கைப்பிடியக் கழட்டுங்க. அசல்னா செஞ்சவரு பேரு உளியால வெட்டியிருக்கும்."

கடைக்காரர் தயங்காமல் கழற்றுகிறார். துருவுக்கு மேல் ஜப்பானிய எழுத்துகள்! கணவருக்குக் கண் கலங்குகிறது. நான் பாப்பாவை இடுப்பில் மாற்றிக்கொண்டு குனிகிறேன். எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. என் சீர்க்குடத்தில் அப்பா பெயர் இப்படித்தான் இருக்கும். ஜப்பானிலும் இப்படித்தான் போடுவார்களோ, எனக்கென்ன தெரியும் என்று முதலில் தயங்குகிறேன். பிறகு கேட்டே விடுகிறேன்.

"அண்ணே, இது பாத்திரக்கட மெஷின்ல போட்டதுங்களா?"

கடைக்காரர் கூசவில்லை. "கண்டுபுடிச்சிட்டீங்களே தங்கச்சி! வாங்கிக்கிட்டீங்கன்னா பாப்பா பேரையும் சும்மாவே போட்டுத் தரேன்."

"இனிஷியலோடவா?" என்று கேட்கிறார் கணவர், வாளைக் கீழே வைக்காமல்.

அவருடைய இரண்டு கைகளும் வாளில் இருக்கும்போதே, சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து பாப்பா பையில் டயபர்களுக்கு அடியில் வைக்கிறேன்.