டவுட் இருக்கிறவங்க எழுந்து நில்லுங்க

என் வீட்டுக்காரர் இங்கிலீஷ் வாத்தியார். நான் ஒன்பதாவது பாதியில் நின்றவள். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது, அவர்களுக்கும் எனக்கும்.

படிப்பு ஏறாமல் நிற்கவில்லை. மஞ்சள் காமாலை வந்து ரொம்ப நாள் படுத்துவிட்டேன். திரும்பிப் போனபோது கணக்குப் பாடத்தில் எங்கேயோ போயிருந்தார்கள். போர்டில் இருந்தது ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர் நல்லவர்தான். பாடம் முடிந்ததும், "டவுட் இருக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்பார். எழுந்து நின்றால் என்ன டவுட் என்று கேட்பாரே. எது டவுட், எது டவுட் இல்லை என்றே தெரியாதவள் எதைச் சொல்வது? பெஞ்சின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு திங்கட்கிழமை காலை வயிறு வலிக்கிறது என்றேன். அந்தத் திங்கட்கிழமை அப்படியே நீண்டுவிட்டது.

பயம் என் கூடப் பிறந்தது. கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மாடி வீட்டில் இருக்கிறோம். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் மாடி ஏறாது என்பார் இவர். ஏறாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் மழை வலுத்தால் படிக்கட்டு வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். இவர் கேலி செய்ய மாட்டார். "எத்தனை படி மூழ்கியிருக்கு?" என்று மட்டும் கேட்பார், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

ஊரப்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இவருக்கு வேலை. போன வருஷம் நிர்வாகம் கை மாறியது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்" என்றுவிட்டார்கள். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் ஏறி இறங்கினார். எல்லோருக்கும் சின்ன வயசு ஆளாக வேண்டியிருந்தது. தினமும் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி, மத்தியானம் திரும்பி வந்து, சட்டையைக் கசங்காமல் கழற்றி ஆணியில் மாட்டுவார். நான் மெஷினில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே அந்தச் சட்டையைப் பார்ப்பேன். என்ன ஆச்சு என்று கேட்க மாட்டேன். முகத்தில் தெரிந்துவிடும்.

அப்போதுதான் அவரோடு முன்பு வேலை பார்த்த தம்பி ஒருவர் வியட்நாமிலிருந்து போன் செய்தார். அங்கே இங்கிலீஷ் சொல்லித்தருகிறாராம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்கள். "இங்க வாத்தியாருக்கு நல்ல மரியாதை சார். உங்க அனுபவத்துக்குக் கண்டிப்பா எடுத்துப்பாங்க. ஒண்ணே ஒண்ணு, முதல் வருஷம் ஃபேமிலிய கூட்டிட்டு வர முடியாது."

இவர் சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தார். அணைத்து என்ன, கேட்டாயிற்று.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை இங்கே ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறேன். இவர் போனால் வீட்டில் நானும் தையல் மெஷினும்தான். வேலை கிடைக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணினேன். கிடைத்தால் இவர் போய்விடுவார் என்பதும் அதே ஜெபத்துக்குள்தான் இருந்தது. எந்த இடத்தில் ஆமென் சொல்வது என்று தெரியாமல் முழங்காலிலேயே இருப்பேன்.

இன்டர்வியூ லேப்டாப்பில். அதற்காகப் பீரோவிலிருந்து கல்யாணக் கோட்டை வெளியே எடுத்தார். ரசகற்பூர வாசனை குப்பென்று அடித்தது. பட்டன் போட முடியவில்லை. தெருமுனையில் இஸ்திரி போடும் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இன்னா டீச்சரம்மா, சார் ஃபாரின் போறாரா?" என்றது அக்கா. வாத்தியார் பெண்டாட்டி என்பதால் அந்தத் தெருவில் நான் டீச்சரம்மா.

"யாருக்கா சொன்னது?"

"யார் சொல்லணும்? ஸ்கூலுக்குப் போவல, ஆனா சட்டை மட்டும் டெய்லி வந்துகினு கீது. இப்ப கோட்டும் வந்துட்ச்சு. ஒண்ணு கல்யாணம், இல்லாங்காட்டி ஃபாரினு. உன்னிய வுட்டுட்டு இன்னொரு கல்யாணம் பண்ற ஆளு இல்ல அவரு."

"வியட்நாம்க்கா."

"அய்யே, அங்க சண்டை நடந்துகினு கீதாமே?"

"அது எப்பவோ முடிஞ்சிடுச்சு."

"அப்புறம் இன்னா பேஜாரு, போவட்டும்." பெட்டியைத் தூக்கிக் கரியை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு என்னைப் பார்த்தது. "நீ இன்னா பண்ணுவ, தனியா?"

"பாத்துக்கலாம்க்கா" என்றேன். வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

முதல் இன்டர்வியூ நன்றாகத்தான் போனது என்று நினைத்தோம். மேலே கோட்டு, கீழே கைலி, முன்னால் லேப்டாப். நான் சமையலறையில் மிக்ஸி போடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இவர் என்னவோ கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக் குரல் மாறிவிட்டது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. குரல் மாறுவது தெரியும். இரண்டாம் நாள், வேண்டாம் என்று பதில் வந்தது.

வியட்நாம் தம்பிதான் காரணம் கண்டுபிடித்தார். "கடைசியா என்ன சார் கேட்டீங்க?"

"அக்காமடேஷன் பத்தி ஐ ஹேவ் எ டவுட்னு கேட்டேன்."

தம்பி அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்ட சத்தமே கேட்டது. "ஐயோ சார்! நம்ம ஊர்லதான் அது கேள்வி. அவங்களுக்கு டவுட்னா நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். வீடு தர்றோம்னு சொல்றீங்க, நான் நம்பலைன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. கொஸ்டீன்னு சொல்லுங்க சார், கொஸ்டீன்."

இவர் போனை வைத்தார். அப்புறம், "இத்தனை வருஷமா பசங்ககிட்ட எனி டவுட்ஸ், எனி டவுட்ஸ்னு கேட்டுட்டு இருந்திருக்கேன். உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்ட மாதிரி" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வியட்நாமிலேயே வேறொரு கம்பெனி கூப்பிட்டது. அந்த இன்டர்வியூவில் மாதிரிப் பாடமும் எடுத்துக்காட்ட வேண்டும் என்றார்கள். அதற்கு வீட்டில் ஒத்திகை. மாணவி நான். நாற்காலியில் உட்காரவைத்து, வாழைப்பழம், தக்காளி, குடை என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுப்பார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாய் தானாக "எனி டவுட்ஸ்?" என்றுவிடும். ஊறிப்போனது, நாக்கில் நிற்கிறது. கடைசியில் இவரே ஒரு வழி செய்தார். ஒரு எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் என் கையில் கொடுத்தார். டவுட் என்று சொன்னால் உடனே தட்ட வேண்டும்.

முதல் நாள் டம்ளர் சத்தம் கோயில் மணி மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. கீழ் வீட்டுக்காரர்கள் என்ன விசேஷம் என்று விசாரித்தார்கள். போகப்போகக் குறைந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவர் முகம் அப்படி மலரும். தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்லமாட்டார். அந்த வார்த்தையைச் சரியாகச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்து நிற்பார். நான் படித்த பள்ளியில் இவர் இருந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை போயிருப்பேனோ என்னவோ.

பாடம் நன்றாக வரவர எனக்குக் கலக்கம் கூடிக்கொண்டே போனது. ஸ்பூன் சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளும் இவர் வீட்டை விட்டு ஒரு படி இறங்குகிற மாதிரி இருந்தது.

இரண்டாவது இன்டர்வியூ அன்று, நான் எதிரில் உட்கார்ந்தால்தான் பாடம் வரும் என்றார். லேப்டாப்புக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் டம்ளரும் ஸ்பூனும். "தட்டிடாத. சும்மா வெச்சிரு, எனக்கு ஞாபகத்துக்கு" என்றார். அந்தப் பக்கம் ஒரு அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி நடித்தார்களாம். வாழைப்பழம் போனது, தக்காளி போனது, குடை விரிந்தது. இவர் முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்த முகத்தோடு, "எனி டவுட்ஸ்?" என்றார்.

என் கை தட்டிவிட்டது. நான் தட்டவில்லை, கைதான் தட்டியது. ணங் என்று ஒரு சத்தம்.

அந்த அம்மா என்ன சத்தம் என்று கேட்டது எனக்கே புரிந்தது. இவர் என்னைப் பார்த்தார். அப்புறம், "மை வைஃப் மேடம். ஷி இஸ் கரெக்டிங் மை இங்கிலீஷ்" என்றார்.

அங்கே ஒரே சிரிப்பு. என்னைக் காட்டச் சொன்னார்கள். நான் நைட்டியில் இருந்தேன். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, டம்ளரைக் கையிலேயே பிடித்தபடி போய் நின்றேன். திரையில் அந்த அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்த முகமாக இருந்தார். மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்: "டூ யூ ஹேவ் எனி கொஸ்டீன்ஸ்?"

எழுந்து நின்றிருக்கிறேன். கேட்கவும் கேட்டுவிட்டார்கள். இவருக்கு சுகர் இருக்கிறது, அங்கே சாப்பாடு எப்படி? உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள்? ஒரு வருஷம் என்பது ஒரு வருஷம்தானா? இதெல்லாம் கொஸ்டீனா, டவுட்டா என்று யோசித்தேன். டவுட் என்றுதான் பட்டது. டவுட் சொன்னால் வேலை போய்விடும்.

"நோ கொஸ்டீன்" என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. "உன் டம்ளர்தான் வாங்கிக் குடுத்துச்சு" என்று இவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். வேலை கிடைத்ததற்கு நன்றியாகச் சர்ச்சில் எழுந்து சாட்சி சொன்னபோதுகூட டம்ளரை விடவில்லை. சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நானும் சிரித்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டை எனக்குப் பாடம் நடத்தினார். மோட்டார் எப்போது போடுவது, கேஸ் யாரிடம் சொல்வது, இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் எப்படி ஊற்றுவது. "குழாய்த் தண்ணி ஊத்திடாத, கேன்ல வாங்குற டிஸ்டில்டு வாட்டர்தான். இந்த மிதவை மேல வந்தா நிறுத்திடணும்." மூன்று முறை சொன்னார். மனப்பாடமாகிவிட்டது. ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி, கையால் டம்ளரைத் தட்டுகிற மாதிரி காட்டினார். நானும் காட்டினேன். அப்புறம் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். வந்து கதவைப் பூட்டினேனா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

வீடு இவ்வளவு பெரிதென்று அதுவரை தெரியவில்லை. ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு நாளைக்கு வருகிறது. இஸ்திரி அக்கா, "இன்னா டீச்சரம்மா, துணியே வர்றதில்ல?" என்கிறது. என் நைட்டியையா கொடுப்பது? மழை பெய்தால் படிக்கட்டு வரை போகிறேன். எத்தனை படி என்று கேட்க ஆளில்லாததால் பாதியிலேயே திரும்பிவிடுகிறேன்.

சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுகிறார். அங்கே ஏழரை ஆனால் இங்கே ஆறு. பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார். ஒரு பெண் எதுவுமே கேட்காதாம், பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்குமாம். "நான் எழுந்திருக்கச் சொல்றதில்ல. கிட்டப் போய் உக்காந்துப்பேன்" என்றார். அன்று முழுக்க அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பேசி முடிக்கும்போது, "வேற? எனி கொஸ்டீன்ஸ்?" என்பார். நாக்கு மாறிவிட்டது. டம்ளர் மேஜை மேல் சும்மா இருக்கிறது. முதலில் எல்லாம் ஒன்றுமில்லை என்பேன். உடனே, சரி வைக்கட்டுமா என்பார். திரை அணைந்தால் என் முகம்தான் அதில் தெரியும்.

போன வாரம் அப்படி வைக்கப்போனபோது, "இருங்க, எனக்கு ஒரு டவுட்" என்றேன்.

போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். "ம், கேளு."

"இன்வெர்ட்டருக்கு எந்தத் தண்ணி ஊத்தணும்?"

சொல்ல ஆரம்பித்தார். கேனில் வாங்குவதுதான், குழாய்த் தண்ணீர் கூடாது, மூடியை இப்படித் திருப்பு, மிதவையைப் பார்த்துக்கொண்டே ஊற்று. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே முகம்.

"புரிஞ்சுதா?"

"புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.