முதலில் யார் இறங்குவது?

இன்று மலையிலிருந்து போளூர் போகும் பேருந்தில் நானும் என் சம்பந்தியும் ஒரே சீட்டில் வந்தோம். எங்கள் ஊரில் இதுவே பெரிய செய்திதான்.

இரண்டு பேரும் சேர்ந்து செய்த புளி வியாபாரம் போன வருடம் சந்தேகத்தால் கலைந்தது. நல்ல புளியை நான் தனியாக விற்றேன் என்று அவர், அவர்தான் விற்றார் என்று நான். பிள்ளைகள் கெஞ்சியதால் மறுபடி கூட்டு. இன்றுதான் முதல் மூட்டை.

வழியெல்லாம் அவர் போனில் ஒரு தொடர் பார்த்தோம். ஜெயிலிலிருந்து வந்த இரண்டு கடத்தல்காரர்கள் பழைய தொழிலை மறுபடி ஆரம்பிக்கிறார்கள். ஒருவனைப் போலீசில் மாட்டிவிட்டதே மற்றவன்தான். அதனால் எங்கே போனாலும் "நீ முன்னாடி போ" என்கிறார்கள். யாரும் யாருக்கும் முதுகு காட்டுவதில்லை.

"இன்னா சம்பந்தி, நம்ம கதைய இவங்ககிட்ட எவன் போய் சொன்னான்?" என்றேன்.

"நீங்கதான் சொல்லியிருப்பீங்க." சிரிக்கவே இல்லை மனிதர்.

தொடர் முடிவதற்குள் போளூர் வந்தது.

"நீங்க முன்னாடி எறங்குங்க சம்பந்தி" என்றேன்.

"பரவால்ல, நீங்க எறங்குங்க."

கண்டக்டர் கத்தினார். "யாராவது ஒருத்தர் எறங்குங்கய்யா! வண்டி டிப்போவுக்குப் போவணும்!"

சம்பந்தி என்னைப் பார்த்தார். குபீரென்று சிரித்துவிட்டார். மூட்டையின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்தபடி முதுகைக் காட்டி முதலில் இறங்கினார்.

புளி நல்லபடியாக விலை போனது. டீயும் குடித்தாயிற்று.

அந்தத் தொடரில் கடைசியில் யார் யாரை முதுகில் குத்தினான் என்று பார்த்தவர்கள் சொல்லுங்கள். சீக்கிரம். திரும்பும்போது பேருந்தில் முதலில் ஏற வேண்டியது நான்.